விஜயதசமி அன்று நின்றுபோன கம்ப்யூட்டர்

நம் குவார்ட்டர்ஸ் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டாள். பழுப்பேறிய மானிட்டர், அதன் தலையில் சுருக்கம் வைத்துத் தைத்த பூப்போட்ட உறை. யார் யார் வீட்டில் இது இருந்தது என்று கேட்டிருந்தாள். நீங்கள் எல்லாரும் இதயமாகக் கொட்டினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. "ஏண்டி, நம்ம லைன்ல உங்க வீட்லதானே முதல்ல வந்துச்சு, வாயே தொறக்க மாட்டேங்கற" என்று ஒருத்தி கேட்டாள். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது, அதனால்தான் மூடிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, படிக்கக் கண்ணாடி வேண்டும், மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது. இதற்கு மேலும் நல்ல பெண் என்று பேர் வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன்?

நான் பத்தாவது படித்த வருஷம் அது. அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ராணுவ டாங்கிக்குத் தன் கையால் கியர்பாக்ஸ் மாட்டுகிறோம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு போல்ட்டு கொஞ்சம் இழுத்தாலும் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி மாட்டுவார் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். அந்த மனுஷர் என் காலாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்கற. உனக்கு வீட்லயே ஒண்ணு வாங்கிப் போடறேன்" என்றார். உனக்கு என்றார். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் அது காதில் விழுந்தது.

கடையில் முழுசாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கள்ளிக்குப்பத்தில் ஒரு அண்ணன் இருந்தார். உதிரிப் பொருள்களாக வாங்கி வந்து வீட்டிலேயே மாட்டிக் கொடுப்பார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டி.வி.எஸ். மொபெட்டின் முன்னாலும் பின்னாலும் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடம் முழுக்கத் தெர்மகோல் துகள். புது பிளாஸ்டிக் வாசனை, அதோடு அடுப்பில் வெந்துகொண்டிருந்த கொண்டைக்கடலை வாசனை. நான் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தேன்.

"இத்தான் பாப்பா மெமரி. இத்த சும்மா சொருவினா வேலைக்காவாது. ரெண்டு பக்கமும் டக்குனு சவுண்டு வரணும். இந்தா, நீ அமுக்கு."

அமுக்கினேன். டக்கென்று வந்தது. "அப்படிப் போடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மானிட்டரைப் போட்டதும் கை ரோமம் எல்லாம் அதன் பக்கம் எழுந்து நின்றது. உண்மையாகச் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அன்றைக்கே ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஏற்றிவிடலாம் என்றார் அந்த அண்ணன். அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் பெட்டிதான். ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"இருப்பா. நாளைக்கு எல்லாத்தையும் பூஜைல வெச்சிருவோம். விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரம் பாத்து ஏத்துனா ஆகாதா?"

"ஆவும் சார். அப்ப சீடிய இங்கயே வெச்சிட்டுப் போறேன். அதுக்கும் ஒரு பொட்டு வையி."

ஐயோ, அந்த வாயை அன்றைக்கு யாராவது தைத்திருக்கலாம்.

மறுநாள் பூஜை. விடிகாலையில் எனக்கு வந்துவிட்டது. பிறகென்ன, உங்களுக்குத் தெரியாததா? உங்கள் வீட்டிலும் அந்தப் பாய் இருந்ததே. தனிப் பாய், தனித் தட்டு, சொம்பு. பின்னறையில் அரிசி மூட்டைக்கும் காற்றுப்போன சைக்கிளுக்கும் நடுவில் என்னைக் கொண்டு போய் வைத்தாள் அம்மா. "சாமி கும்புடற நேரத்துல வெளிய எட்டிப் பாக்காத" என்றாள். நான் பார்த்தேன். கதவிடுக்கில் கூடம் அப்படியே தெரிந்தது.

நம் அப்பாக்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான். ஃபேக்டரியில் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்த பழக்கம், வீட்டில் சைக்கிள் செயின் வரைக்கும் போகும். அப்பா கேபினெட்டுக்கு வைத்தார், மவுஸுக்கு வைத்தார், கரண்ட் பிளக்குக்கும் வைத்தார். கடைசியில் சீடியைக் கையில் எடுத்தார். அதன் மேல்பக்கம் அந்த அண்ணன் பேனாவால் எழுதியிருந்தார். சரஸ்வதி பூஜை நாளில் எழுத்தின் மேல் எப்படிப் பொட்டு வைப்பது? திருப்பினார். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. "இதான் முகம்" என்று சொல்லி, குழைத்த சந்தனத்தில் மோதிர விரலை முக்கி, ஓரமாக ஒரு பெரிய பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம்.

அடுத்த நாள் காலையில் வேட்டி முனையால், எவர்சில்வர் டம்ளரைத் துடைக்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் துடைத்தார். குங்குமம் போய்விட்டது. சந்தனம் மெல்லிசாகப் பரவி, பார்த்தால் தெரியாத அளவுக்குக் காய்ந்து ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்பா செய்வது எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

கள்ளிக்குப்பத்து அண்ணன் வந்தார். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் நின்றார்கள். "எழுத்து மேல பாக்க வையி சார்" என்றார் அவர். அப்பா இரண்டு கையாலும் சீடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். திரை நீலமாயிற்று. சீடி சுழல்கிற சத்தம் பின்னறை வரைக்கும் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. கூடத்து நிலைப்படிக்கு வந்துவிட்டேன்.

"வா பாப்பா, இன்னா அங்கயே நிக்கிற? உன் மிஷினு. நீயே என்டர் தட்டு" என்றார் அந்த அண்ணன். அவருக்கு என் விஷயம் தெரியாது. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில். நான் போய் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

மஞ்சள் பட்டை நகர ஆரம்பித்தது. நன்றாகத்தான் போனது. பாதிக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் சீடி டிரைவ் கிர்ரென்று ஒரு முறை உச்சத்துக்குப் போய், முனகி, அடங்கிவிட்டது. பட்டை நின்றது. காத்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கள்ளிக்குப்பத்து அண்ணன் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. மெமரியைக் கழற்றி, என் ரப்பரை வாங்கி அதன் பல்லைத் தேய்த்து மாட்டினார். அதே இடம். ஹார்ட் டிஸ்க்கின் பட்டை வயரை மாற்றினார். அதே இடம். கேபினெட்டைப் பிரித்துப் போட்டு, வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே முறைத்துப் பார்த்தார்.

"சீடி கீடி ஏதாவது கோளாறா இருக்குமாப்பா?" என்று அப்பாவே கேட்டார்.

"சீடியா? போன வாரம் முகப்பேர்ல ஒரு ஊட்ல இத்தான் போட்டேன் சார். சும்மா பறந்துச்சு. சீடில ஒண்ணும் கெடியாது."

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரமாகும் சொல்லுங்கள்? மாட்டார். அன்றைக்குச் சரியாக இருந்தது இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும். போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அப்பாவும் திருப்பிப் பார்க்கவில்லை, அவர் கையால் பொட்டு வைத்த சாமான் ஆயிற்றே.

அப்போதுதான் அம்மா காபித் தம்ளர்களோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏண்டி, நீ எங்கடி இங்க?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தொட்டியா? கேக்கறேன்ல. தொட்டியா?"

"அந்த அண்ணன்தாம்மா தட்டச் சொன்னாரு. ஒரு தடவதான்."

அம்மா தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "குடி கெட்டுது போ. ரெண்டாம் நாளுடி உனக்கு. பூஜைல வெச்ச சாமான்டி."

கூடத்தில் மூன்று ஆண்கள். அப்பா, அண்ணன், அந்நிய மனுஷர் ஒருவர். அவர்கள் நடுவில் என் நாளைச் சொல்லி அம்மா கத்துகிறாள். என் அண்ணன் இளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது எனக்கு. ஆனால் இன்று வரைக்கும் எனக்கு வயிறு எரிவது அம்மாவின் பேச்சுக்கு இல்லை. அந்தக் கள்ளிக்குப்பத்து அண்ணனுக்கு. முந்தாநாள் "அப்படிப் போடு" என்று சொன்ன மனுஷர். மெமரி என்றால் என்ன, வயர் என்றால் என்ன என்று தெரிந்த மனுஷர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"அத்தான் பாத்தேன்" என்றார். "நம்ம வேலைல கொறை இல்ல சார். இதெல்லாம் கொஞ்சம் சென்சிட்டிவ் ஐட்டம். சில ஊட்ல இப்டி ஆயிருக்குது. நீ கழிக்கிறத கழிச்சிடு யக்கா, நாயித்துக்கெழம வந்து போட்டுக் குடுக்கறேன்."

சில வீட்டில் ஆகியிருக்கிறதாம்! பொய். அவருக்குக் காரணம் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. கைக்கு அகப்பட்டவள் நான். என் மேல் போட்டுவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை நான் தலைக்கு ஊற்றினேன். அம்மா மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தொட்டுக் கேபினெட் மேல் தெளித்தாள். கரண்ட் சாமான் என்பதால் கொஞ்சமாகத் தெளித்தாளாம், என்ன ஒரு புத்திசாலித்தனம். எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "இன்னா, கம்ப்யூட்டருக்குத் திஷ்டியா?" என்று கேட்டாள். அம்மா அவளிடமும் முழுக் கதையைச் சொன்னாள். நாலு வீடு தாண்டிப் போய்விட்டது விஷயம். உங்களில் இரண்டு பேர் திங்கட்கிழமை பஸ்ஸில் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தீர்கள். மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் வேறு சீடியோடு வந்தார். பழையது எங்கள் வீட்டிலேயே கிடந்தது, அதைத் தேடக்கூட இல்லை அவர். புது சீடியைப் போட்டார். பட்டை நிற்காமல் ஓடியது. திரையில் படம் வந்தது, சங்கீதம் வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா?" என்று என்னைத்தான் கேட்டாள். அப்பா என் அண்ணனிடம், "இனிமே நீயே பாத்துக்க. அவ கைய வெக்க வேணாம்" என்றார். பின்னறைக்குப் போன என் காதில் நன்றாகவே விழுந்தது.

சில நாள் கழித்து என் அண்ணன் அந்தப் பழைய சீடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், காக்காய் விரட்ட முருங்கை மரத்தில் தொங்கவிடுவதற்கு. வெயிலில் அது திரும்பியபோது பளபளப்பில் ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தது. பிடுங்கிப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாகச் சுற்றிச் சுற்றித் துணித் தடம். மூக்கருகில் கொண்டுபோனேன். சந்தனம்.

எனக்குப் பொறி தட்டியது. சீடியை டிரைவ் உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு போகும் என்று அந்த அண்ணனே எனக்குச் சொல்லியிருந்தார். நடுவில் சுத்தம், அதனால் ஆரம்பம் நன்றாகப் போனது. ஓரத்துக்கு வந்தால் சந்தனப் படலம், அதனால் நின்றது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். நான் தொட்டதால் நின்றிருந்தால் அதே இடத்தில் ஏன் நிற்க வேண்டும்?

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கி மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் சீடியை நீட்டினேன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். என் குரலில் அவ்வளவு சந்தோஷம். வழக்கு ஜெயித்துவிட்டது, இனி அப்பா சிரிப்பார், அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஃபிட்டர் அல்லவா, புரியாமல் இருக்குமா?

"சாமிக்கு வெச்ச சந்தனத்தால கெடுதல் வருமா?" என்றார்.

"அப்பா, அது லேசர் படற எடம்ப்பா."

"சந்தனத்தால வராது. வாய மூடிக்கிட்டுப் போ."

சந்தனத்தால் கெடுதல் வராதாம். என்னால் வருமாம். அவர் பெற்ற பெண்ணால்.

நானும் அவர் மகள்தானே. அடுத்த மாதம் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூவரும் பூந்தமல்லிக்குப் போனார்கள். எனக்கு அன்றைக்குத்தான் முதல் நாள், ஆகவே என்னை விட்டுவிட்டுப் போனார்கள். கதவைத் தாழ் போட்டேன். ஒளித்து வைத்திருந்த அந்தப் பழைய சீடியைக் குழாயில் கழுவினேன். பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன், சுற்றிச் சுற்றி இல்லை. கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் அழித்தேன். சந்தனம் பட்ட அதே சீடி, தீட்டுப்பட்ட அதே கை. என்டர் தட்டினேன்.

பட்டை அந்த இடத்துக்கு வரும்போது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கேயோ ஒரு மூலையில் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், பாருங்கள், என்னையும் நம்ப வைத்துவிட்டார்கள். பட்டை அந்த இடத்தைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. படம் வந்தது. ஓவென்று அழுதேன்.

அவர்கள் வந்ததும் நிலைப்படியிலேயே சொன்னேன். "எல்லாத்தையும் அழிச்சிட்டு நானேதான் ஏத்துனேன். அந்தப் பழைய சீடிய வெச்சு. இன்னைக்கு எனக்கு மொத நாள். போய்ப் பாருங்க, ஓடுது."

அண்ணன் தன் விளையாட்டெல்லாம் போய்விட்டது என்று குதித்தான். அப்பா செருப்போடு உள்ளே போனார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் மஞ்சத் தண்ணி கொண்டா" என்றார்.

ஜூன் மாதம். பத்தாவதில் நம் லைனிலேயே நான்தான் அதிக மார்க். ஹெட்மிஸ்டிரஸ், "கம்ப்யூட்டர் குரூப்தானே சார்?" என்று கேட்டார். அப்பா, "காமர்ஸ் போட்ருங்க டீச்சர்" என்றார். "மாசத்துல மூணு நாள் லீவு போட்டா அந்தப் படிப்பு ஓடுமா?" என்று என்னிடம் வெளியே வந்து சொன்னார். வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். திட்டக்கூட இல்லை, நியாயமான ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை, யாரோடு போடுவது? காமர்ஸ் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மேசைக்கு மேசை கம்ப்யூட்டர். மாதத்தில் எல்லா நாளும் தொடுகிறேன், எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் சாஃப்ட்வேர் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைத் தினமும் நின்று பார்ப்பேன். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது முகப்பேர் ஃப்ளாட்டில் இருக்கிறார். அம்மா போய்விட்டாள். அண்ணன் அவருக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அதில் பேரனின் படம் எதுவும் வரமாட்டேன் என்கிறது என்று முந்தாநாள் கூப்பிட்டார். போனேன். "கொஞ்சம் பாரும்மா, உனக்குத்தான் இதெல்லாம் கை வந்த கலை" என்று போனை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளுப்பா. தொடலாமா?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. பிறகு சிரித்தார். "அட, அதெல்லாம் அந்தக் காலம்மா. அத இன்னுமா நெனச்சிக்கிட்டிருக்க?"

"அந்தக் காலத்துலதானேப்பா நான் ப்ளஸ் ஒன் சேந்தேன்?"

போனை நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். "அண்ணன் வருவான், அவனக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.